வயிற்றில் பிள்ளை, கையில் மனச்சோர்வு மாத்திரை: வாசகர் கேள்வி – பதில்

கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவது பற்றி வந்த கடிதங்களிலிருந்து பத்தை எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. ஒரு மனநல மருத்துவரும் ஒரு மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. இதில் வரும் அளவுகள் விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காகத் தரப்பட்டவை. உங்கள் சீட்டில் மாற்றம் செய்ய வேண்டியவர் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான்.

ஒரு வருடமாக எஸ்சிடலோப்ராம் 10 மி.கி. சாப்பிட்டு நன்றாக இருந்தேன். நாள் தள்ளிப்போய்ப் பரிசோதித்ததில் ஏழு வாரம் என்கிறார்கள். 'பிள்ளைத்தாச்சி இதெல்லாம் சாப்பிடலாமா?' என்று வீட்டில் பயந்ததால் ஐந்து நாளைக்கு முன் நிறுத்திவிட்டேன். இப்போது தலைசுற்றுகிறது, மண்டைக்குள் திடீர் திடீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? (வாசகி, கும்பகோணம்)

இந்தத் தொல்லைகளுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால் வருபவை இவை. எஸ்சிடலோப்ராம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். ஐந்தாறு நாளில் அநேகமாக முழுவதும் வெளியேறிவிடும். அந்த அளவுக்குப் பழகியிருந்த மூளை, அது இல்லாமல் தடுமாறுகிறது. தலைசுற்றல், மின் அதிர்ச்சி போன்ற உணர்வு, குமட்டல், எரிச்சல், கெட்ட கனவு எல்லாம் அந்தத் தடுமாற்றத்தின் அடையாளங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும். எங்கள் கவலை அதற்குப் பிறகு வரக்கூடியதைப் பற்றி, அதாவது பழைய நோய் திரும்புவதைப் பற்றி.

முதலில் பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும்போது ஆறாவது வாரத்தின் முடிவிலேயே மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் மூடிவிடும். ஏழாவது வாரத்தில் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியும். அதாவது, கர்ப்பம் என்று நீங்கள் தெரிந்துகொண்ட நேரத்தில், மாத்திரை இருக்கும்போதே முக்கியமான கட்டங்கள் பல கடந்துவிட்டன. எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மாருக்கும் 100 பிரசவத்தில் 2 முதல் 3 குழந்தைகள் ஏதாவது ஒரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன. எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் அந்த எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை.

இனி தாயின் கணக்கு. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரையால் நலமாக இருந்த 201 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. அவர்களில் பலர் முன்பே பலமுறை மனச்சோர்வில் விழுந்து எழுந்து, சிறப்பு மையங்களில் சிகிச்சை பெற்றவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லேசான நோய் உள்ளவர்களிடம் இவ்வளவு பெரிய இடைவெளி இராது. அதனால்தான் உங்கள் மருத்துவர் பழைய கதையைத் துருவிக் கேட்பார். மனச்சோர்வு எத்தனை தடவை வந்தது? வேலைக்குப் போக முடியாமல் படுத்த படுக்கையாக இருந்தீர்களா? சாக வேண்டும் என்று தோன்றியதா? இதற்கு முன் நிறுத்திப் பார்த்தபோது என்ன ஆயிற்று? ஒரே ஒரு முறை, அதுவும் லேசாக வந்தவர் என்றால், நான்கு வாரமோ அதற்கு மேலோ எடுத்து மெல்ல மெல்லக் குறைத்து, கூடவே மனநல ஆலோசகரோடு பேசித் தேறும் பேச்சு சிகிச்சைக்குப் போய் மாத்திரை இல்லாமல் பார்க்கலாம். இரண்டு மூன்று முறை வந்தவர், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் என்றால் தொடர்வதே நல்லது.

சாப்பாடு இறங்காமல், தூங்காமல், மாதப் பரிசோதனைக்கும் போகாமல் தாய் சுருண்டு கிடந்தால் அதுவும் பிள்ளையைத் தொடுகிறது. குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் சிகிச்சை இல்லாத மனச்சோர்வில் கூடுதலாகக் காணப்படுகின்றன. மாத்திரையின் ஆபத்தை மட்டும் தராசில் வைத்துவிட்டு நோயின் ஆபத்தை வைக்க மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: சீட்டு எழுதிய மருத்துவரை இன்றே போனில் கூப்பிடுங்கள். ஐந்து நாள் விட்டுப்போனதால், சில நாள் 5 மி.கி. கொடுத்துவிட்டுப் பிறகு 10-க்குப் போகச் சொல்லலாம். மசக்கை வாந்தி காலையில் அதிகம் என்றால் மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாந்திக்கு ஆன்டான்செட்ரான் எழுதினால், எஸ்சிடலோப்ராம் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளம் பாதிக்கப்படலாம். டாக்சிலமைன், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரையில் இந்தச் சிக்கல் இல்லை. தாய்-சேய் நல அட்டையில் மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதி வைத்துவிடுங்கள்.

என் மருமகளுக்குப் பிரசவமாகி இரண்டு மாதம். செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிட்டுக்கொண்டே பேரனுக்குப் பால் கொடுக்கிறாள். 'மருந்து பாலில் இறங்கும், பவுடர் பாலுக்கு மாற்றுங்கள்' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சிலர் கறந்து கொட்டிவிட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். எது சரி? (வாசகி, தூத்துக்குடி)

அம்மா, இரண்டும் வேண்டாம். மருமகள் செய்வது சரி.

மருந்து பாலில் இறங்குவது உண்மை. எவ்வளவு என்பதைப் பாருங்கள். தாய் தன் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மருந்து சாப்பிடுகிறாள், குழந்தை தன் எடையில் ஒரு கிலோவுக்குப் பால் வழியாக எவ்வளவு பெறுகிறது என்று ஒப்பிடுவார்கள். குழந்தை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 150 மி.லி. பால் குடிப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். இந்த ஒப்பீடு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பாலூட்டலாம் என்பது மருத்துவ உலகின் நடைமுறை. செர்ட்ராலினுக்கு அது 0.5 முதல் 2 சதவீதம்தான். மருமகள் 60 கிலோ, பேரன் 5 கிலோ என்றால், அதிகபட்சக் கணக்கில் பார்த்தாலும் பேரனுக்கு ஒரு நாளில் போய்ச் சேருவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது பெரும்பாலானவர்களிடம் கருவியில் தென்படும் அளவுக்குக்கூட மருந்து இல்லை. பாலூட்டும் தாய்க்குப் புதிதாக மாத்திரை தொடங்கும்போது பல மருத்துவர்கள் செர்ட்ராலினை முதலில் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

மற்றவை ஒரே மாதிரி இல்லை. பராக்சடீனும் பாலில் குறைவு. எஸ்சிடலோப்ராம் 3 முதல் 6 சதவீதம் வரை போகும், ஆனாலும் எல்லைக்குள் இருக்கிறது. ஃப்ளுவாக்சடீன் இந்தக் குடும்பத்தில் அதிகம் இறங்குவது. அதன் கழிவுப்பொருள் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். கர்ப்பம் முழுவதும் ஃப்ளுவாக்சடீனில் நலமாக இருந்த தாய்க்குப் பிரசவமான கையோடு அதை மாற்றுவதும் சரியில்லை. அவர்கள் அதையே தொடர்ந்து, குழந்தையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளலாம்.

கறந்து கொட்டுவதால் பயன் இல்லை. செர்ட்ராலின் பாலில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஒரு வேளைப் பாலைக் கொட்டினாலும் நாள் முழுவதற்குமான அளவு பெரிதாக மாறாது. பிள்ளைக்குப் பால் குறையும், தாய்க்கு அலைச்சல் கூடும்.

பேரனிடம் கவனிக்க வேண்டியவை இவை. எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கிறானா, பால் குடிப்பதில் ஆர்வம் குறைந்ததா, சமாதானப்படுத்த முடியாமல் சிணுங்குகிறானா? ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் எடை கூட வேண்டும். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசிக்குப் போகும்போது எடை போட்டு அட்டையில் குறித்து வாருங்கள். எடை ஏறுகிறது என்றால் வேறு சோதனை எதுவும் வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, கல்லீரல் கோளாறு உள்ள பிள்ளை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று உங்களால்தான் முடியும். இரவில் மருமகளுக்கு நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூக்கம் கிடைக்கட்டும். ஒரு வேளைப் பாலை முன்பே கறந்து வைத்தால் நீங்கள் பாலாடையில் புகட்டலாம். குளிர்ந்த அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். நம் ஊர் கோடையில் வெளியே வைப்பதை நம்ப வேண்டாம்.

பராக்சடீன் சாப்பிடுகிறேன். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டம். இணையத்தில் பார்த்தால் 'டி வகை' மருந்து என்று இருக்கிறது. (வாசகி, கோயம்புத்தூர்)

கர்ப்பத்துக்கு முன்பே கேட்டது மிகவும் நல்லது. மாற்றம் தேவையென்றால் அதற்குச் சரியான காலம் இதுதான்.

முதல் மூன்று மாதத்தில் பராக்சடீன் சாப்பிட்டவர்களின் குழந்தைகளிடம் இதயக் குறைகள் சற்று அதிகம் என்று 2005-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பொதுவாக 100 குழந்தைகளில் ஒருவரிடம் இருக்கும் இதயக் குறை, பராக்சடீனோடு ஏறக்குறைய இருவரிடம் இருக்கலாம் என்பது கணக்கு. அப்படியும் 98 குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கையில் நேரம் இருக்கும்போது அந்த ஒன்றையும் தவிர்க்கலாமே. மருத்துவர் பழையதைப் படிப்படியாகக் குறைத்து, செர்ட்ராலின் போன்ற ஒன்றைப் படிப்படியாக ஏற்றுவார். புது மாத்திரையில் மூன்று மாதமாவது நிலையாக இருந்த பிறகு கர்ப்பத்துக்கு முயலுங்கள். பராக்சடீனைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு படும் பாடு மற்ற மாத்திரைகளைவிடக் கடுமையாக இருக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம்.

மற்ற மாத்திரைகளை எல்லாம் முயன்று, பராக்சடீன் ஒன்றுதான் கேட்டது என்ற நிலையில் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் அதிலேயே தொடர்ந்து, 20 வாரத்தை ஒட்டி, உறுப்புக் குறைகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனோடு குழந்தையின் இதயத்துக்கு எக்கோவும் பார்த்துக்கொள்ளலாம்.

கர்ப்பத்தில் ஒரு மருந்தின் ஆபத்தைக் குறிக்கப் பயன்பட்ட ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற எழுத்துகளை அமெரிக்காவிலேயே 2015 முதல் கைவிடத் தொடங்கிவிட்டார்கள். ஒரே எழுத்துக்குள் மிகவும் வேறுபட்ட ஆபத்துகள் அடைபட்டு, படிப்பவர்களைக் குழப்பியதே காரணம். இணையத்தில் அந்த எழுத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நான் சாப்பிடும் மாத்திரை அட்டையில் இரண்டு பெயர் இருக்கிறது: எஸ்சிடலோப்ராம் 10, குளோனசிபாம் 0.5. நான்கு மாத கர்ப்பம். இரண்டும் ஒன்றுதானா? (வாசகி, சேலம்)

அட்டையைத் திருப்பிப் படித்தீர்களே, பலர் அதைச் செய்வதில்லை. இரண்டும் வேறு வேறு. முதலாவது மனச்சோர்வு மாத்திரை. இரண்டாவது பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவழைப்பது, பழக்கமாகிவிடக் கூடியது. நம் ஊரில் இந்தக் கூட்டு மாத்திரை மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. இரண்டு வாரத்துக்கென்று தொடங்கியதை இரண்டு வருடம் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் குளோனசிபாம் தொடர்ந்து போனால் குழந்தை துவண்டு, சரியாகச் சப்பாமல், உடம்புச் சூடு தங்காமல் பிறக்கலாம். பால் கொடுக்கும்போதும் தூக்கக் கலக்கம் குழந்தைக்குப் போகலாம். அதற்காக இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்டுச் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது என்பதுதான் சிக்கல். ஆகவே இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்சிடலோப்ராம் அப்படியே இருக்கும். குளோனசிபாமை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.125 மி.கி. அளவில், அதாவது 0.25 மாத்திரையில் பாதி பாதியாக, மருத்துவர் இறக்கிக்கொண்டே வருவார். உங்களுக்கு நான்கு மாதம்தான் என்பதால் போதுமான அவகாசம் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பிறகும் அதில் சிறிதளவு தேவைப்பட்டால், ஒரே பாயில் குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். மருந்தின் மயக்கத்தில் கை குழந்தையின் மேல் விழுந்தது தெரியாமல் போகும். குழந்தை பக்கத்தில் தனிப் படுக்கையிலோ தொட்டிலிலோ இருக்கட்டும். வேறு ஒரு பெரியவர் அதே அறையில் படுத்துக்கொள்ளட்டும்.

எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறேன், அங்கே வேறு மருத்துவமனையில் பிரசவம். செர்ட்ராலின் 100 மி.கி. சாப்பிடுகிறேன். பிறக்கும் குழந்தைக்கு நடுக்கம் வரும், மூச்சுத் திணறும் என்கிறார்களே, கடைசி இரண்டு வாரம் நிறுத்திவிடட்டுமா? (வாசகி, மதுரை)

நிறுத்த வேண்டாம். கடைசி நாட்களில் நிறுத்துவதால் குழந்தைக்கு நன்மை என்று நிரூபணமாகவில்லை. உங்களுக்கோ, நோய் திரும்பும் அபாயம் மிகுந்த காலம் பிரசவத்தை அடுத்த வாரங்கள்தான். அந்த நேரத்தில் கவசம் இல்லாமல் நிற்கக் கூடாது.

நடுக்கம் பற்றிச் சொல்கிறோம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த வகை மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு ஏறக்குறைய 30 பேரிடம் சில மாற்றங்கள் தெரியலாம். கைகால் நடுக்கம், ஓயாத அழுகை, வேகமான மூச்சு, சரியாகப் பால் குடிக்காமை, துண்டு துண்டான தூக்கம் ஆகியவை. பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். அநேகருக்கு மருந்து தேவைப்படாது. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைப்பது, குறைந்த வெளிச்சம், சிறுகச் சிறுக அடிக்கடி பால், இவையே சிகிச்சை. அதனால் பிரசவமான மறுநாளே வீட்டுக்குப் போக அவசரப்படாமல் 48 மணி நேரமாவது மருத்துவமனையில் இருங்கள். சர்க்கரை அளவு குறைந்தாலும் தொற்று இருந்தாலும் குழந்தை இதே போல நடுங்கும் என்பதால், குழந்தை மருத்துவர் அவற்றையும் சோதித்துவிடுவார்.

மூச்சுத் திணறல் என்று நீங்கள் கேள்விப்பட்டது வேறொன்றாக இருக்கலாம். பிறந்த பிறகும் நுரையீரல் ரத்தக் குழாய்களின் அழுத்தம் இறங்காமல் இருக்கும் ஒரு நிலை அது. கடுமையானது, ஆனால் அரிது. பொதுவாக 1000 குழந்தைகளில் இருவரிடம் காணப்படுவது, இந்த மாத்திரைகளோடு மூவரிடம் காணப்படலாம். உதடு நீலமாவது, நெஞ்சு உள்வாங்க மூச்சு விடுவது தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

ஊர் மாறுவதில்தான் நிறையப் பேருக்கு மாத்திரை அறுந்துபோகிறது. மதுரை மருத்துவரின் சீட்டு புது ஊர் மருந்துக் கடையில் செல்லாமல் போகலாம். மாத்திரை தீர்ந்த அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். கிளம்புமுன் இரண்டு மாதத்துக்கான மாத்திரையும், நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, மருத்துவரின் தொலைபேசி எண் எல்லாம் கொண்ட ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகல் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முதல் நாளே போகட்டும். அவர் தெரிந்துகொள்ள வேண்டிய காரணங்கள் உண்டு. இந்த மாத்திரைகள் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைச் சிறிதளவு கூட்டலாம், ஆகவே ஹீமோகுளோபினைப் பிரசவத்துக்கு முன்பே தேற்றி வைப்பது நல்லது. சிசேரியன் ஆனால் வலிக்கு டிராமடால் போடுவது வழக்கமாக உள்ள இடங்கள் உண்டு. செர்ட்ராலினோடு அது சேர்வதும், பாலூட்டும் தாய்க்கு அதைக் கொடுப்பதும் நல்லதல்ல. பாரசிட்டமால் தாராளமாகப் போதும் என்கிற வலிக்கு அதுவே போதும்.

எட்டாம் மாதத்தில் பழைய சோர்வு மெல்லத் தலைகாட்டினால் அதையும் சொல்லுங்கள். உடம்பில் நீரும் ரத்தமும் பெருகி, கல்லீரலின் வேகமும் மாறுவதால், அதே மாத்திரை சிலருக்குப் போதாமல் போகும். அப்போது அளவைச் சற்றுக் கூட்டுவது சரியான வழிதான். 'கர்ப்பிணிக்குக் குறைவாகத்தான் தர வேண்டும்' என்று அரைகுறை அளவில் வைத்தால் குழந்தைக்கு மருந்தும் போகும், தாய்க்கு நோயும் இருக்கும்.

மனைவிக்குப் பிரசவமாகி ஐந்து வாரம். எப்போதும் அழுகிறாள், குழந்தை தூங்கினாலும் தூங்குவதில்லை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்கிறாள். 'பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பாள்' என்கிறார் அம்மா. மாத்திரை அவசியமா? (வாசகர், செங்கல்பட்டு)

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் வரும் அழுகை பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். ஐந்து வாரம் என்பது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்பது நாங்கள் மிகவும் கூர்ந்து கேட்கும் அறிகுறி. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கில், பிரசவித்த தாய்மாரில் 22 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு இருந்தது. உங்கள் மனைவி தனி ஆள் இல்லை.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று 1987 முதல் உலகெங்கும் பயன்படுகிறது, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 30. பத்தைத் தொட்டாலே மருத்துவரைப் பாருங்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'இல்லை' தவிர வேறு என்ன பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டு டி.எஸ்.எச்.சும் பாருங்கள். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வு மாதிரியே வேடம் போடும்.

லேசானது என்றால் தூக்கம், வீட்டு ஆதரவு, பேச்சு சிகிச்சை இவற்றோடு தேறிவிடலாம். நடுத்தரமோ கடுமையோ என்றால் மாத்திரை தேவைப்படும். பெரும்பாலும் செர்ட்ராலின் 25 மி.கி. ஒரு வாரம், பிறகு 50. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுமையாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் சற்றுக் கூடுதல் பதற்றமும் வரலாம். 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் நிறுத்துவது சரியாக அந்த வாரத்தில்தான்.

சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பது, காதில் குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் வேகமாக இயங்குவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் அது வேறு நோய். 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருவது. கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் போய் நாளைக் கடத்தாமல், அந்த மணி நேரமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தாயையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். அனுமதித்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று தயங்க வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு.

எனக்கு இருதுருவ மனநோய். வால்புரோயேட்டும் ஒரு மனச்சோர்வு மாத்திரையும் சாப்பிடுகிறேன். இன்று பரிசோதனையில் இரண்டு கோடு. (வாசகி, திருநெல்வேலி)

இந்த இதழிலேயே அவசரமான கடிதம் இது. உங்கள் மனநல மருத்துவரை இன்றோ நாளையோ பார்த்தாக வேண்டும். மனநிலையைச் சீராக வைக்கத் தரப்படும் வால்புரோயேட் சாப்பிடும் தாய்மாரின் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 10 பேருக்குப் பிறவிக் குறைகளும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியில், கற்றலில் சிக்கல்களும் வருகின்றன. மேலே பேசிய மாத்திரைகளோடு இதை ஒப்பிடவே முடியாது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஏனென்றால் நோய் எகிறிவிடும். மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றும் வேலையை நாட்கணக்கில் முடிப்பார். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகத் தொடர்வதும் உங்கள் நோயில் ஆபத்து, மனம் எதிர்த் திசையில், அதாவது மிதமிஞ்சிய எழுச்சியில், கொந்தளிக்கத் தொடங்கலாம். ஃபோலிக் அமிலத்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அனாமலி ஸ்கேனில் முதுகுத்தண்டைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண் யாருக்காவது இந்த மருந்து எழுதப்பட்டிருந்தால், கருத்தடை பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் அமிட்ரிப்டிலின் 25 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். பழைய மருந்து என்கிறார்கள். பால் கொடுக்கலாமா? (வாசகி, தருமபுரி)

கொடுக்கலாம். பழையது என்பதால் கெட்டதில்லை, பாலில் மிகக் குறைவாகவே இறங்கும். இரவில் சாப்பிடுங்கள். வாய் வறளும், மலச்சிக்கல் வரும். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறுகும், எனவே தண்ணீரும் கீரையும் கூடட்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள், தலைசுற்றி விழலாம், அதுவும் கையில் குழந்தையோடு. இதே குடும்பத்தில் டாக்செபின் மட்டும் பாலூட்டும்போது ஆகாது. அட்டையில் குளோர்டயசெபாக்சைடு என்று இரண்டாவது பெயர் இருந்தால் சேலம் வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கர்ப்பத்தில் மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருமாமே? (வாசகி, சென்னை)

அப்படிக் காட்டிய ஆய்வுகள் இருந்தன. ஆனால் மாத்திரை சாப்பிட்டவர்கள் யார்? மனச்சோர்வு உள்ள தாய்மார். அந்த நோயின் மரபும் குடும்பச் சூழலும் பிள்ளைகளிடம் சேர்ந்தே வருகின்றன. இதைப் பிரித்தறிய, ஒரே தாய்க்கு மாத்திரை காலத்தில் பிறந்த பிள்ளையையும் மாத்திரை இல்லாத காலத்தில் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். கனடாவிலும் ஸ்வீடனிலும் நடந்த அத்தகைய பெரிய ஆய்வுகள் 2017-இல் வெளியாயின. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு தெளிவாக நிற்கவில்லை. ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தையை வைத்துக்கொண்டு, 'நான் சாப்பிட்ட மாத்திரையால்தான்' என்று தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் தாய்மாருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறோம்.

குழந்தைக்கு எட்டு மாதம். இப்போது நன்றாக இருக்கிறேன். செர்ட்ராலினை எப்போது நிறுத்தலாம்? (வாசகி, ஈரோடு)

பிரசவ நாளிலிருந்து கணக்கிடாதீர்கள். முழுவதும் நலமானதாக உணர்ந்த நாளிலிருந்து 6 முதல் 12 மாதம் தொடர வேண்டும். இது உங்களுக்கு இரண்டாவது, மூன்றாவது முறை என்றால் இன்னும் நீண்ட காலம். அதன் பிறகு 50-இலிருந்து 25 மி.கி.க்கு இறக்கி இரண்டு முதல் நான்கு வாரம் இருந்து, மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்தலாம். பால் மறக்கச் செய்யும் மாதம், வேலைக்குத் திரும்பும் மாதம், வீடு மாறும் மாதம் இவற்றோடு மாத்திரையைக் குறைப்பதைச் சேர்த்து வைக்க வேண்டாம். நிறுத்திய முதல் மூன்று மாதத்தில் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து தூக்கம் திரும்பாத நாட்கள் தொடர்ந்தால், அழுகை வரும்வரை காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். எந்த மாத்திரை எந்த அளவில் கேட்டது என்பதை எழுதி, காலி அட்டையோடு பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.